அலாட்மென்ட்ல இடம் கிடைக்க என்ன பண்ணணும், கிடைச்சப்புறம் என்ன பண்ணக்கூடாது

"ப்ளாட் கிடைச்சிடுச்சும்மா"ன்னு ஊருக்கு ஃபோன் பண்ணி சொன்னதும் எங்கம்மா கேட்ட முதல் கேள்வி "பத்திரப் பதிவு எப்போ?" லண்டன்ல வீட்டு மனை வாங்கிட்டோம்னு நெனச்சு ஒரு அரை நிமிஷம் சந்தோஷப்பட்டாங்க பாவம். அப்புறம் வருஷத்துக்கு எழுபது பவுண்டு சொச்சம் வாடகை, முக்கியமா காய்கறி, பழம்தான் போடணும், ராத்திரி தங்கக்கூடாது, விக்க முடியாதுன்னு சொன்னதும் "அட குத்தகை நிலம்னு சொல்லேன்டி"ன்னாங்க. அதேதான், குத்தகை நிலம். இங்க அதுக்குப் பேரு அலாட்மென்ட்.

இங்க வந்து செட்டில் ஆன நம்மாளுங்க நிறைய பேரு இத பத்தி கேக்குறாங்க, குறிப்பா தோட்டம் இல்லாத ஃப்ளாட்ல இருக்கவங்க, அதான் எனக்குத் தெரிஞ்சத மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் இருக்குறது அவுட்டர் லண்டன், அதனால சொல்றது இங்கிலாந்து கணக்கு, ஸ்காட்லாந்துக்கு வேற சட்டம்.

முதல்ல அளவு. பழைய ஆளுங்க எல்லாம் இன்னும் 'ராட்' கணக்குலதான் பேசுவாங்க. முழு ப்ளாட்னா 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். நம்ம கணக்குக்கு வாங்க, 2,700 சதுர அடி சொச்சம், ஒரு கிரவுண்டுக்கும் மேல, ஆறு சென்ட். கேக்க கொஞ்சமா தெரியும், ஆனா வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் வர்ற ஆளுக்கு, மண்வெட்டிய காலேஜ் என்எஸ்எஸ் கேம்ப்ல கடைசியா தொட்ட ஆளுக்கு, அது ஒரு காடு. புதுசா வர்றவங்களுக்கு இப்ப பெரும்பாலும் பாதி ப்ளாட்தான் குடுக்குறாங்க, சில இடத்துல கால் ப்ளாட். முழுசு குடுத்தாலும் பாதி போதும்னு சொல்லுங்க. நான் பாதிதான் எடுத்தேன், அதுவே மூணு சென்ட், அதுவே என்னைய போட்டு எடுத்துச்சு.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நிலம் பெரும்பாலும் கவுன்சிலோடதா (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) இருக்கும், ஆனா சில சைட்ட கவுன்சிலே நடத்தும், சிலத அங்க பயிர் பண்றவங்களே ஒரு அசோசியேஷனா சேந்து கவுன்சில்கிட்ட லீஸுக்கு எடுத்து நடத்துவாங்க. ரெண்டுக்கும் வெயிட்டிங் லிஸ்ட் தனித்தனி. நான் கவுன்சில் ஃபாரத்த மட்டும் நிரப்பிட்டு ஒரு வருஷம் சும்மா காத்துட்டு இருந்தேன், எங்க வீட்டுலருந்து பத்து நிமிஷ நடைல இருந்த சைட்டு அந்த லிஸ்ட்லயே இல்ல, அது அசோசியேஷன் சைட்டு. கேட்டுல ஒரு நோட்டீஸ் போர்டு இருந்துச்சு, மழைல ஊறிப்போன பேப்பர்ல செக்ரட்டரியோட ஈமெயில் ஐடி, அவ்ளோதான் விளம்பரம். அதனால மேப்ப திறந்து உங்க ஏரியால இருக்க எல்லா சைட்டையும் பாருங்க, ஒவ்வொண்ணும் யாரு நடத்துறாங்கன்னு கண்டுபிடிங்க, எத்தன லிஸ்ட்ல பேர் போட விடுறாங்களோ அத்தனைலயும் போடுங்க. அந்தந்த பரோல (லண்டன்ல ஒவ்வொரு கவுன்சிலோட எல்லைக்கும் பேரு பரோ) குடியிருக்கணும்னு பெரும்பாலும் கேப்பாங்க, அட்ரஸ் ப்ரூஃப் ரெடியா வச்சுக்கோங்க.

லிஸ்ட்ல பேர் போட்டதோட மறந்துடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவ "இன்னும் இன்ட்ரஸ்ட் இருக்கா"ன்னு மெயில் வரும், பதில் போடலன்னா பேர தூக்கிடுவாங்க, அது நேரா ஸ்பாம் ஃபோல்டருக்குப் போற மாதிரிதான் எப்பவும் வரும். வீடு மாறினா, ஃபோன் நம்பர் மாறினா சொல்லணும். எத்தன வருஷம் ஆகும்னு கேட்டா இடத்துக்கு இடம் மாறும், லண்டன் நடுவுல சில இடத்துல லிஸ்ட்டையே மூடி வச்சிருக்காங்க, ஓரத்துல ஒரு வருஷத்துக்குள்ளயும் கிடைக்கும், களை மண்டிப்போன ப்ளாட்டுன்னா இன்னும் சீக்கிரம்.

சட்டத்துல ஒரு வழி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 1908 வருஷத்து அலாட்மென்ட் சட்டப்படி தேவை இருந்தா இடம் ஏற்பாடு பண்றது கவுன்சிலோட கடமை, ஓட்டர் லிஸ்ட்ல இருக்கவங்களோ கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி மாதிரி) கட்டுறவங்களோ ஆறு பேரு சேந்து எழுதிக் குடுத்தா அத அவங்க கணக்குல எடுத்துக்கிட்டே ஆகணும். அதுக்காக மறுநாளே நிலம் அளந்து குடுத்துடுவாங்கன்னு இல்ல. இன்னர் லண்டன் பரோக்களுக்கு இந்தக் கடமையே கிடையாது. ஆனா லண்டனுக்கு வெளிய சின்ன ஊர்ல, கிராமத்துப் பக்கம் இருக்கவங்க பாரிஷ் கவுன்சிலுக்கு (நம்ம கிராமப் பஞ்சாயத்து மாதிரி) இப்படி எழுதிப் பாக்கலாம், ஆறு கையெழுத்து கோயில்ல நின்னாலே வாங்கிடலாம்.

சரி, காத்துருக்குற காலத்துல என்ன பண்றது? இதுதான் முக்கியம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி வாக்குல சைட்டு கேட்டுக்குப் போங்க. நிறைய சைட்டுல ட்ரேடிங் ஹட்னு ஒரு ஷெட் இருக்கும், உரம், விதை உருளைக்கிழங்கு, மூங்கில் குச்சி எல்லாம் மொத்தமா வாங்கி உறுப்பினர்களுக்கு குறைஞ்ச விலைல குடுப்பாங்க, வாரத்துல ரெண்டு மணி நேரம்தான் திறந்திருக்கும். ப்ளாட் இல்லாதவங்களும் சின்ன சந்தா கட்டி அதுல மட்டும் சேரலாம்னு சில இடத்துல இருக்கு, இருந்தா சேந்துடுங்க. உரம் வாங்குறது ஒரு சாக்கு. அங்க டீ போட்டு வச்சுக்கிட்டு நாலு பெரிசுங்க உக்காந்திருப்பாங்க, யாருக்கு முட்டி வலி, யாரு இந்த வருஷம் ப்ளாட்ட விடப்போறாங்க, யாருக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு எல்லாச் செய்தியும் அங்கதான்.

எனக்கு அப்படித்தான் ஆச்சு. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர், எழுபத்தஞ்சு வயசு, முப்பது வருஷமா முழு ப்ளாட் வச்சிருக்கார், குனிய முடியல. நான் தமிழ்ல பேசுனதும் "பிள்ளை, நீங்கள் எவடம்?"னு கேட்டார், திண்டுக்கல்னு சொன்னேன், அடுத்த வாரத்துலருந்து அவர் ப்ளாட்டுல பாத்தி கட்டுறேன். ஹெல்பரா ரெஜிஸ்டர் பண்ணி கமிட்டிக்கும் சொல்லிட்டோம், இல்லன்னா ப்ளாட்ட உள்வாடகைக்கு விட்டுட்டார்னு யாராவது கிளப்பி விடுவாங்க. ஒண்ணரை வருஷம் அவர்கிட்ட வேல. பீன்ஸுக்கு அவர் போஞ்சின்னுவார், உரத்துக்கு பசளைன்னுவார், முதல் மாசம் பசளை கொண்டாங்கன்னதும் நான் பசலைக் கீரையத் தேடிட்டு இருந்தேன். ஆனா அந்த மண்ணு எப்ப ஈரம் காயும், எப்ப வெடிக்கும், எந்த மூலைல பனி நிக்கும்னு எல்லாம் அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான். லண்டன் பக்கம் பெரும்பாலும் களிமண்ணு, குளிர்காலத்துல மிதிச்சா செருப்போட வரும், ஜூலைல பாளம் பாளமா வெடிக்கும்.

கமிட்டி வொர்க் டே வைப்பாங்க, வேலி கட்டுறது, பொதுப்பாதை புல்லு வெட்டுறது, குப்பை அள்ளுறதுன்னு. லிஸ்ட்ல இருக்கும்போதே போய் ரெண்டு மணி நேரம் நில்லுங்க. வரிசைய முந்திட மாட்டீங்க, அத எதிர்பாத்துப் போகாதீங்க, கேட்டா தப்பாவும் எடுத்துப்பாங்க. ஆனா உங்க முறை வரும்போது எந்த ப்ளாட்டுல தண்ணி தூரம், எதுல பழைய கார்பெட்ட புதைச்சு வச்சிருக்காங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆகஸ்ட்ல நேஷனல் அலாட்மென்ட்ஸ் வீக் வரும், அப்ப நிறைய சைட்டு திறந்து விடுவாங்க. குளிர்கால கடைசில விதை மாத்திக்கிற கூட்டம் ஊருக்கு ஊர் நடக்கும், ப்ரைட்டன்ல நடக்குற சீடி சண்டே ரொம்ப பேர் போனது, நம்ம ஊர்ல நாட்டு விதைத் திருவிழா போடுவாங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான், என்ன, குளிர்ல குலை நடுங்கும்.

முறை வந்து ப்ளாட் காட்டுறாங்கன்னு வைங்க. பதில் சொல்ல ஒண்ணு ரெண்டு வாரம்தான் டைம் குடுப்பாங்க. போய் பாக்கும்போது மேல பாருங்க முதல்ல, பெரிய மரம் தெக்குப் பக்கம் இருந்தா வெயில் அடிக்காது, இந்த ஊர்ல வெயில்தான் காசு. அப்புறம் தண்ணித் தொட்டி எவ்ளோ தூரம்னு நடந்து எண்ணுங்க, பூவாளில ரெண்டு கைலயும் தூக்கிட்டு இருபது நடை நடக்கப்போறது நீங்கதான். ஹோஸ் போட விடுவாங்களான்னு கேளுங்க, நிறைய இடத்துல விடமாட்டாங்க, குளிர்காலத்துல பைப்பு உறைஞ்சு வெடிச்சிடும்னு தண்ணியவே நிறுத்திடுவாங்க. பழைய ஷெட்டுல அலை அலையா சாம்பல் கலர் கூரை இருந்தா ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், கைவைக்காம கமிட்டிகிட்ட சொல்லுங்க.

அக்ரிமென்ட்ட முழுசா படிங்க, நாலு பக்கம்தான். ஷெட் எந்த சைஸ், எந்த மாசத்துல தீ மூட்டலாம், மரம் வைக்கலாமா, எத்தன நாளைக்குள்ள எவ்ளோ இடத்த பயிருக்குக் கொண்டு வரணும் எல்லாம் அதுல இருக்கும். கோழியும் முயலும் 1950 சட்டப்படி வளக்கலாம், சேவல் கூடாது, வியாபாரத்துக்கும் கூடாது, ஆனா கேக்காம கூண்டு கட்டிடாதீங்க, நரி இருக்குற ஊரு இது, பாவம் கோழி.

இப்ப என் கதைக்கு வரேன். ப்ளாட் என் பேருக்கு வந்தது மார்ச் மாசம். முட்டியளவு புல்லு, அதுக்குள்ள முள்ளுச்செடி, அதுக்குள்ள பைண்ட்வீட்னு ஒரு கொடி. பெரியவர் "கொஞ்சம் கொஞ்சமா செய்யுங்கோ"ன்னு சொல்லிட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டார். நான் என்ன பண்ணேன், ஒரு நாள் வாடகைக்கு ரோட்டவேட்டர் எடுத்துட்டு வந்து மொத்த மூணு சென்ட்டையும் உழுதுட்டேன், சாயங்காலம் பாத்தா நஞ்சை நிலம் மாதிரி அப்படி ஒரு அழகு, ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல எல்லாம் போட்டாச்சு. பக்கத்து ப்ளாட் இங்கிலீஷ் பாட்டி வேலி ஓரமா நின்னு பாத்துட்டு "வெரி ப்ரேவ்"ன்னாங்க. பாராட்டுன்னு நெனச்சுட்டேன். மூணு வாரம் கழிச்சு பெரியவர் வந்தார், குனிய முடியாத மனுஷன் கஷ்டப்பட்டு குனிஞ்சு ஒரு கை மண்ண அள்ளி என் முன்னாடி நீட்டினார். உள்ள இடியாப்பத்த உதுத்து விட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா வேர்த் துண்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு முளை. "பிள்ளை, நீங்கள் களையை அழிக்கேல்லை, நட்டிருக்கிறியள்." அந்தக் கொடியோட வேரு ஒரு இஞ்சு துண்டா இருந்தாலும் தழைஞ்சுடும், கௌச் கிராஸ்னு இன்னொண்ணு இருக்கு, நம்ம அருகம்புல்லுக்கு சித்தப்பா பிள்ளை மாதிரி, அதுவும் அப்படியே. நான் மெஷின வச்சு ஒரு வேர ஐம்பதாக்கி ப்ளாட் முழுக்க சமமா தூவியிருக்கேன். அந்த வருஷம் பூரா நான் அறுவடை பண்ணது வேரு மட்டும்தான்.

அதனால, உழாதீங்க. மேல இருக்கத வெட்டிட்டு, ஆறு பங்கா பிரிச்சு, ஒரு பங்க மட்டும் ஃபோர்க்க வச்சு வேர் அறுந்துடாம கிளறி எடுத்து பயிர் பண்ணுங்க, மிச்சத்துக்கு மேல அட்டைப் பெட்டிய பிரிச்சுப் போட்டு மூடாக்கு போடுங்க, டேப்ப உரிச்சுடுங்க. சில கமிட்டி மூடி வச்சத பயிர் பண்ணதா கணக்குல எடுக்காது, முன்னாடியே மெயில் போட்டு இதான் என் ப்ளான்னு சொல்லிடுங்க. அட்டைக்கு மேல உரம் கொட்டி பூசணி நட்டா மூடாக்கும் ஆச்சு, பயிரும் ஆச்சு.

உரம்னதும் ஒரு எச்சரிக்கை. குதிரை லாயத்துல லத்தி ஃப்ரீயா குடுப்பாங்க, அலாட்மென்ட் ஆளுங்களுக்கு அது தங்கம். ஆனா குதிரை தின்ன வைக்கோல்ல அமினோபைராலிட்னு ஒரு களைக்கொல்லி இருந்திருந்தா அது வயித்துக்குள்ள போயும் அழியாது, லத்தியோட வந்து உங்க தக்காளி, பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் இலை சுருட்டி கொன்னுடும். 2008 வாக்குல இங்க நிறைய பேர் பயிர் இப்படி போச்சு. லத்திய மண்ணோட கலந்து ஒரு தொட்டில போட்டு நாலு பீன்ஸ் விதை ஊனிப் பாருங்க, இன்னொரு தொட்டில லத்தி இல்லாம. மூணு நாலு வாரத்துல புது இலை கிண்ணம் மாதிரி சுருண்டுச்சுன்னா வேணாம்னு சொல்லிடுங்க.

என்ன போடலாம்? எல்லாரும் முதல் வருஷமே முருங்கைக்கு ஆசப்படுவாங்க, விட்டுடுங்க. மார்ச் கடைசில உருளைக்கிழங்கு, அக்டோபர்ல பூண்டு (குளிர் பட்டாதான் பல்லு பிரியும், அதனால இந்த ஊரு பூண்டுக்குப் பொறந்த ஊரு), மே கடைசில முளைக்கீரை, அத ஜமைக்காகாரங்க கல்லலூன்னு சொல்லி ஆசையா வாங்கிப்பாங்க. கொத்தமல்லி, வெந்தயம் ஏப்ரல்லயும் ஆகஸ்ட்லயும் தூவுங்க, நடு வெயில்ல தூவினா இலை வராம பூ எடுத்துடும். வெள்ளை முள்ளங்கி ஜூலை கடைசிக்கு மேல. வெண்டை, கத்திரி, பாகல், புடலை எல்லாம் பாலிடனல் (பிளாஸ்டிக் ஷீட் போட்ட கூடாரம்) இருந்தா மட்டும், ஏப்ரல்ல வீட்டு ஜன்னல் ஓரத்துல நாத்து விட்டு ஜூன்ல அதுக்குள்ள நடுங்க. அவரைக்குத்தான் நான் ரொம்ப ஏமாந்தேன், பந்தல் நெறைய கொடி, ஆகஸ்ட் முடியுற வரைக்கும் ஒரு பூ இல்ல. அது பகல் சுருங்கினாதான் பூக்கும், இங்க ஜூன்ல ராத்திரி ஒம்போதேகாலுக்கும் வெளிச்சம், பகல் சுருங்கி பூ வரும்போது குளிர் வந்து நிக்குது. ரன்னர் பீன்ஸ் போட்டுட்டு மனச தேத்திக்கோங்க, பிஞ்சுல பறிச்சா பொரியலுக்கு குறை இல்ல.

பூச்சிக்கு வேப்பெண்ணெய்னு கை பரபரக்கும், இங்க அத பூச்சிமருந்தா அடிக்க அனுமதி இல்ல. ஓடில்லாத நத்தைக்கு முன்னாடி போட்டுட்டிருந்த மெட்டல்டிஹைட் மருந்த 2022 வசந்தத்துலருந்து தடை பண்ணிட்டாங்க, பழைய ஷெட்டுல நீலக் கலர் உருண்டை பாக்கெட் கிடந்தா அத எடுத்து பயிருக்குத் தூவிடாதீங்க. நான் ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் கையால பொறுக்குறேன், அருவருப்பு ரெண்டு நாள்ல போயிடும்.

ஆளுங்ககூட பழகுறதுக்கு பெரிய ரூல் எதுவும் இல்ல, ஆனா சின்ன விஷயத்துக்குத்தான் சண்டை வரும். கேட்ட பூட்டாம வந்துடாதீங்க, பின்னாடி ஆள் வந்தாலும் பூட்டுங்க. வேலிய தாண்டித் தொங்குற பழம் உங்களோடது இல்ல. உங்களுக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவுல இருக்க புல்லுப்பாதைய முழுசா வெட்டுங்க, சரியா பாதியோட நிறுத்துறவர எங்க சைட்டுல பட்டப்பேரு வச்சுக் கூப்பிடுறாங்க. பந்தல அடுத்தவங்க ப்ளாட்டுக்கு நிழல் விழாம போடுங்க. உங்க களை விதை வெடிச்சு காத்துல பறக்குறதுக்கு முன்னாடி வெட்டிடுங்க, மத்த எதையும் மன்னிப்பாங்க, இத மன்னிக்க மாட்டாங்க. ஜூலைல ஆளாளுக்கு கோர்ஜெட் (சுக்கினின்னு சொல்ற காய்) குடுப்பாங்க, உங்ககிட்டயே இருபது இருக்கும், இருந்தாலும் வாங்கிக்கோங்க, சாம்பார்ல போடலாம், கூட்டு வைக்கலாம், துவையல் அரைக்கலாம். அந்த "வெரி ப்ரேவ்" பாட்டிக்கு நான் கோர்ஜெட் துவையல் ஒரு பாட்டில் குடுத்தேன், அடுத்த வாரம் ஒரு வாளி நிறைய ரூபார்ப் கிழங்கு குடுத்து எங்க நடணும்னு குச்சி வச்சுக் காட்டிட்டுப் போனாங்க.

கடைசியா ஒண்ணு, நம்மாளுங்களுக்கு மட்டும் வர்ற பிரச்சனை. ஸ்கூல் லீவுல ஊருக்குப் போவோம், அது சரியா ஜூலை கடைசி, ஆகஸ்ட், ப்ளாட் பூரா காய்ச்சுத் தொங்குற நேரம். போறதுக்கு முன்னாடி செக்ரட்டரிக்கு இந்த தேதிலருந்து இந்த தேதி வரைக்கும் இருக்க மாட்டேன்னு ஒரு மெயில் போட்டுடுங்க, இல்லன்னா இன்ஸ்பெக்‌ஷன்ல களை நோட்டீஸ் வந்து நிக்கும். பக்கத்து ஆள்கிட்ட "பறிக்கிறதெல்லாம் உங்களுக்கே"ன்னு சொல்லிட்டுப் போங்க, அது தானம் இல்ல, பீன்ஸ பறிக்காம முத்த விட்டா கொடி பூ எடுக்கறத நிறுத்திடும், வந்து பாத்தா காஞ்ச நெத்துதான் இருக்கும். திரும்பி வரும்போது சூட்கேஸ்ல விதைய ஒளிச்சு எடுத்துட்டு வராதீங்க, இந்தியாலருந்து விதை கொண்டு வர பெரும்பாலும் பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் (நோய், பூச்சி இல்லன்னு அரசாங்கம் குடுக்குற சான்றிதழ்) வேணும், ஏர்போர்ட்ல பிடிச்சா போச்சு. அந்த இடத்துல முறுக்கு வச்சுக் கொண்டு வாங்க, ட்ரேடிங் ஹட் பெரிசுங்க டீக்கு தொட்டுச் சாப்பிடுவாங்க.